உறைக்குள் வேறொரு பாடகன்

அத்தியாயம் ஆறு

டென்மார்க்கில் விபோர்க்கிலிருந்து சில்க்போர்க் வர நாற்பது நிமிடம் பிடிக்கும். கிறிஸ்துநாயகம் முப்பத்திரண்டு நிமிடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். நேரத்துக்கு முந்தி வருகிற பஸ்ஸும் பிந்தி வருகிற பஸ்ஸும் ஒரே குற்றம்தான் என்று ஓட்டப் பழகுகிற பொடியங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர். இன்றைக்கு அந்தப் பாடம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து இருக்கையில் மேனுஜா கதவின் கைபிடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். நாற்பத்தொரு வயது. தன் கராஜைத் தானே கொளுத்திவிட்டு நட்டஈடு கேட்கிறவர்களைப் பிடிக்கிற வேலையை ஒரு காப்புறுதிக் கம்பனிக்குப் பத்து வருடம் செய்துவிட்டு, இப்போது விபோர்க்கில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அலுவலகத்தில் ஊழியர் மொத்தம் ஒருவர். அவர்தான் இப்போது கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"கூட்டம் எத்தினை மணிக்கு, அண்ணை?"

"இரண்டு மணிக்கு. இப்ப பதினொண்டு பத்து. நாலாந்தரமும் கேட்டாச்சு, பிள்ளை."

"நாலுதரமும் ஒரே நேரத்தைச் சொல்லுறீங்களோ எண்டு பாத்தனான்."

வேறு நாளென்றால் அவர் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பார். ஆனால் இரண்டு மணிக்கு நடக்கப்போவது அவருடைய சொந்தத் தங்கச்சியின் மகள் அஜந்தினி மேல் விசாரணைக் கூட்டம். ஏரிக்கரையில் இருக்கிற முதியோர் இல்லத்தில் அஜந்தினி பராமரிப்பு வேலை செய்கிறாள். அங்கே இருக்கிற ஹலினா என்ற போலந்துக் கிழவியின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் களவாக மாற்றிவிட்டாள் என்பது அவள் மேல் குற்றச்சாட்டு. இரண்டு மணிக்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் வேலை போகும், பொலிசுக்கும் போகும். கண் தெரியாத கிழவியிடம் களவெடுத்தவள் என்று ஒருமுறை பெயர் விழுந்தால், டென்மார்க்கில் எந்தக் கொம்யூன் நகரசபையிலும் அவளை யாரும் ஒரு நோயாளியின் பக்கத்தில் விடமாட்டார்கள்.

"அவள் எடுக்கேல்லை" என்றார் கிறிஸ்துநாயகம், யாரும் கேட்காமலே.

"எடுத்திருந்தா அதையும் நான்தான் கண்டுபிடிப்பன். தெரிஞ்சுதானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அவருக்கு அந்தப் பதில் துண்டாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இறங்கி, மழைக்குக் குடையை விரித்து அவளுக்குப் பிடித்தார்.

முதலில் போனது றொபேட்டின் வீட்டுக்கு. றொபேட் பாடசாலையில் இசை படிப்பிக்கிற போலந்துக்காரர். அறுபது வயது இருக்கும். களவு என்று முதலில் கூச்சல் போட்டவர் அவர்தான். அவருடைய நிலவறையில் கால் வைக்க இடமில்லாமல் பழைய இசைத்தட்டுகள். மேனுஜா உள்ளே போனதும் ஒரு தட்டை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். றொபேட்டின் கண்கள் அவள் கையோடு கூடவே போய் வந்தன.

"தயவுசெய்து உட்காருங்கள்" என்றார் டேனிஷில்.

"நின்றால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். நடந்ததைச் சொல்லுங்கள்."

றொபேட் சொன்னார். இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில் போலந்தின் வார்சோ நகரம் டாங்கோப் பித்துப் பிடித்துக் கிடந்ததாம். கோப்பிக் கடையில் டாங்கோ, நாடகக் கொட்டகையில் டாங்கோ. வாரத்துக்கு ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடும். பாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் யூதர்கள். பிறகு யுத்தம் வந்தது. பாடகர்களும் போனார்கள், தட்டுகளும் நகரத்தோடு எரிந்தன.

"ஹலினாவின் தகப்பன் ஸிக்முந்த் குட்னர். அவரும் பாடகர் என்று தாய் சொல்லி வளர்த்திருக்கிறாள். ஹலினாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது போனவர், திரும்பி வரவில்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டு போலந்தில் இருந்த யூதர்களை வெளியேற்றியபோது தாயும் மகளும் இங்கே வந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு தட்டு. லேபிளில் கையால் எழுதியிருந்தது, ஸிக்முந்த் குட்னர் என்று."

"வேறு தட்டு ஏதும் பாடவில்லையா?"

"அதுதான் துக்கம். ஹலினா மூன்று தடவை போலந்துக்குக் கடிதம் எழுதினாள். எந்தக் கம்பனியின் பட்டியலிலும் அப்படி ஒரு பாடகர் இல்லை என்று மூன்று தடவையும் பதில் வந்தது. அவள் தாய் கதை கட்டியிருக்கிறாள் என்று ஒருவர் எழுதியே விட்டார். என் எண்ணம், குட்னர் சொந்தச் செலவில் தனக்கென்று ஒரே ஒரு தட்டு செய்திருக்கிறார். உலகத்தில் ஒரே பிரதி. போன மாதம் அதைப் படம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கருவியோடு போனேன், குரலைக் கணினியில் பதிய. உறையைத் திறந்தால் உள்ளே யான் வெர்பா."

"அது யார்?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"அந்தக் காலத்து இன்னொரு பாடகர். கம்பனி லேபிள், அச்சடித்த பெயர். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அப்படியே உறைக்குள் தள்ளிவிட்டு இல்லத்து நிர்வாகியைக் கூப்பிட்டேன். அவள் எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டாள்."

"உறை பழைய உறைதானா?"

"அதே உறை."

"பாடகர்கள் ஒரு கம்பனிக்குத்தான் பாடுவார்களா?"

"ஒப்பந்தப்படி ஒரு கம்பனிக்குத்தான். வயிற்றுப்பாடு வேறு கதை. அதற்கும் இதற்கும் என்ன?"

மேனுஜா போன மாதம் எடுத்த படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னாள். வந்ததும் விரலால் பெரிதாக்கினாள். கையெழுத்தை அவள் பார்க்கவில்லை என்பதைக் கிறிஸ்துநாயகம் கவனித்தார். அதற்குக் கீழே, வெறும் கறுப்பாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

காருக்குள் ஏறியதும் அவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார். "எனக்கு உந்த மனுசனிலதான் சந்தேகம். அந்தத் தட்டுக்கு ஆசைப்பட்ட ஆள் சில்க்போர்க்கில அவர் ஒருத்தர்தான்."

"ஆசைப்பட்டு எடுத்தவர் அண்டைக்கே சத்தம் போடுவாரோ? ஆறு மாசம் மூச்சுக் காட்டாமல் இருந்திருப்பார்."

"அப்ப மற்ற வேலைக்காரர் ஆரும்."

"சரி, எடுத்தவர் எடுத்தவராய் இருக்கட்டும். பதிலுக்கு வைக்கிறதுக்கு தொண்ணூறு வருசத்துப் போலந்துத் தட்டு அவருக்கு எங்காலை கிடைச்சது, அண்ணை? இஞ்சத்தைச் சந்தையில கத்தரிக்காய்க்குப் பக்கத்தில விக்கிறாங்களோ?"

கிறிஸ்துநாயகம் யோசித்துப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காயே ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

"இண்டைக்குப் பகிடியைக் காணேல்லை" என்றாள் மேனுஜா.

"இண்டைக்கு லீவு விட்டிருக்கிறன்."

முதியோர் இல்லத்தில் நிர்வாகி கிர்ஸ்டன் இருவரையும் அலுவலகத்தில் இருத்தினாள். நல்ல பெண்தான், ஆனால் மூன்று இரவு தூங்காத முகம். அஜந்தினி நல்ல வேலைக்காரி என்று தானே தொடங்கினாள். "ஆனால் வியாழன் பின்னேரம் ஹலினாவின் அறையில் வேலை செய்தது அவள் மட்டும். வெள்ளிக்கிழமை நான் நேராகக் கேட்டேன், தட்டைத் தொட்டாயா என்று. இல்லை என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை."

அலுமாரியைத் திறந்து உறையை மேசையில் வைத்தாள். பழுப்பேறிய கடதாசி உறை. லேபிள் வெளியே தெரியட்டும் என்று நடுவில் வட்டமாக வெட்டியிருந்தது. மேனுஜா தட்டை வெளியே எடுத்தாள். முதலில் செய்தது, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தது. பிறகு கிறிஸ்துநாயகத்திடம் நீட்டினாள்.

அவரும் மணந்து பார்த்தார். மூன்று பேரப்பிள்ளைகளைக் குளிக்க வார்த்த மூக்கு. உடனே பிடிபட்டது. "குழந்தைப் பிள்ளையளின்ரை சம்பூ" என்றார்.

மேனுஜா உறையின் வட்டத்தையும் தட்டின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வட்டத்தின் விளிம்பு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அதே வட்டத்துக்குள் தெரியவேண்டிய லேபிளோ, அடர் சிவப்பும் பொன்னெழுத்துமாக நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. யான் வெர்பா. பிறகு தொலைபேசியின் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, லேபிளுக்குக் கீழே கறுப்புக்குள் குனிந்து பார்த்தாள்.

காலையிலிருந்து ஓயாத அவளுடைய விரல்கள் நின்றுபோயின. ஆறு வருடமாக அவளோடு வேலை செய்கிறவருக்கு அதன் அர்த்தம் தெரியும். விடை கிடைத்துவிட்டது. அது என்ன விடை என்று அவள் முகத்தில் அவர் தேடினார்.

"பத்து நிமிடம் தாருங்கள்" என்றாள் கிர்ஸ்டனிடம்.

நடைபாதையில் படத்தையும் தட்டிலிருந்த இலக்கத்தை எழுதிவந்த துண்டையும் அவருக்குக் காட்டினாள். "அச்சடிக்கேக்கையே தட்டிலை ஒரு இலக்கம் விழும். கடதாசியிலை இல்லை, தட்டிலையே. போன மாசப் படத்திலை இருக்கிற இலக்கமும் உள்ளுக்கை இருக்கிற தட்டின்ரை இலக்கமும் ஒண்டு. ஏழு இலக்கமும் ஒண்டு. கரையிலை ஒரு சின்ன உடைவு, அதுவும் அதே இடத்திலை."

"அப்பிடியெண்டா?"

"தட்டை ஒருத்தரும் மாத்தேல்லை. அது போகவே இல்லை. மேலை ஒட்டியிருந்த கையெழுத்துக் கடதாசிதான் போயிட்டுது."

கிறிஸ்துநாயகம் சுவரில் சாய்ந்தார். "மாதாவே. அப்ப முடிஞ்சுது. வாரும் போய்ச் சொல்லுவம்."

"தட்டைச் சம்பூ போட்டுக் கழுவினது ஆர், அண்ணை?"

வெளிக்கதவு திறந்தது. பஸ்ஸில் வந்து இறங்கிய அஜந்தினி மழையில் தோய்ந்தபடி உள்ளே வந்தாள். இருபத்தேழு வயது. மாமனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள்.

"எப்ப கழுவினனீர்?" என்றாள் மேனுஜா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

அஜந்தினி நனைந்த கையைத் துடைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து மடித்த சமையல் தாள் ஒன்றை எடுத்தாள். உள்ளே வட்டமான கடதாசி, சுருண்டு காய்ந்து, நீல மை முழுவதும் கரைந்து படர்ந்திருந்தது. ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை.

"வியாழக்கிழமை, அக்கா. அவவுக்குக் கண் தெரியாதுதானே. கையாலை தட்டைத் தடவிப் பாத்திட்டு, அப்பாவிலை தூசி, நாளைக்கு ஆக்கள் வருகினம் எண்டு சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டா. எங்கட வீட்டிலை பெருநாளுக்கு முதல் நாள் அம்மா மாதாவின்ரை சுருவச் சிலையைக் கழுவுறவா. இளஞ்சூட்டுத் தண்ணி, குழந்தைச் சம்பூ, பஞ்சு. எனக்கு அப்பிடித்தான் செய்யத் தெரியும். தட்டு நல்லாத் துலங்கிட்டுது. திருப்பிப் பாத்தா கடதாசி என்ரை கையோடை வருது."

"ஏனடி சொல்லேல்லை?" என்றார் கிறிஸ்துநாயகம். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"அது அவவின்ரை அம்மான்ரை கையெழுத்து, மாமா. நாட்டைவிட்டுத் துரத்தேக்கை கொண்டு வந்தது. அதை நான் சம்பூ போட்டுக் கழுவிப்போட்டன் எண்டு எப்பிடி அவவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுறது? கிர்ஸ்டன் கேக்கேக்கை இல்லையெண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு கள்ளி எண்டாங்கள். அவவுக்கு இதைச் சொல்லுறதிலும் பாக்க அது பறவாயில்லை எண்டு விட்டிட்டன்."

கிறிஸ்துநாயகம் மேனுஜாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இலக்கத்தைக் காட்டுவம். களவு இல்லை. கடதாசி பழசு, தானாய்க் கழண்டிருக்கும் எண்டு விடுவம். பொய் சொன்னவள் எண்டு தெரிஞ்சா அதுக்கே வேலையாலை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"களவு இல்லை எண்டு நான் சொல்லுறன். அது என்ரை வேலை. மிச்சத்தைச் சொல்லுறதோ விடுறதோ இவவின்ரை பாடு." மேனுஜா நேரத்தைப் பார்த்தாள். "இரண்டாகுது."

ஹலினா கூட்டத்தைத் தன் அறையில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள். எண்பத்தெட்டு வயது, பறவை மாதிரி உடம்பு, அலட்டாத குரல். கிர்ஸ்டன் மடியில் கோப்போடு இருந்தாள். றொபேட் யன்னலோரம் நின்றார். மேனுஜா தட்டையும் படத்தையும் மேசையில் வைத்து, இலக்கத்தை வாசித்து, உடைவைக் காட்டினாள். நாலு நிமிடமும் ஆகவில்லை.

"ஆக, தட்டு எங்கும் போகவில்லை" என்றாள். "ஹலினாவின் தட்டு ஹலினாவிடம்தான் இருக்கிறது."

றொபேட் தட்டைப் பறிக்காத குறையாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கிர்ஸ்டன் பேனையைத் திறந்தாள். "அப்படியானால் கையெழுத்துக் கடதாசி?"

கிறிஸ்துநாயகம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பகிடி வராதா என்று உள்ளுக்குள் தேடினார். தானாய்க் கழண்டது என்ற இரண்டு சொல் நாக்கின் நுனியில் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் அஜந்தினி போய்க் கிழவியின் நாற்காலிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள்.

"நான்தான் கழுவினேன், ஹலினா. தூசி போகட்டும் என்று. உன் அம்மா எழுதியது தண்ணீரில் போய்விட்டது. கிர்ஸ்டனிடம் பொய் சொன்னேன். உனக்குச் சொல்லப் பயந்தேன்."

கிழவியின் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. சுருண்ட கடதாசியை அஜந்தினி அந்தக் கையில் வைத்தாள். ஹலினா விரலால் அதைத் தடவினாள், திருப்பித் தடவினாள். கண்ணோரம் நனைந்தது. கிறிஸ்துநாயகத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"அம்மா ஒட்டியது" என்றாள் ஹலினா கடைசியில். "எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருந்தது. ஒட்டியது என்றால், அடியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். என்ன இருக்கிறது?"

"ஒரு பெயர்" என்றாள் அஜந்தினி, றொபேட்டின் கையிலிருந்த தட்டை நிமிர்ந்து பார்த்து.

"வாசி."

"யான் வெர்பா."

யன்னலோரம் நின்ற றொபேட் கட்டிலில் பொத்தென்று இருந்தார். தன் நெற்றியில் தானே அடித்தார். "நான் ஒரு மடையன். ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர்கள் இன்னொரு கம்பனிக்கு வேறு பெயரில் பாடுவார்கள். எல்லோரும் செய்தார்கள். நானே இதைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். வெர்பா யார் என்று யாருக்கும் தெரியாது. படம் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஒரு நாள் வந்து பாடிவிட்டுக் காணாமல் போன ஆள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஹலினா, என் நிலவறையில் வெர்பாவின் தட்டுகள் இருக்கின்றன. பதினேழு பாட்டு."

"குட்னர் என்று ஒரு பாடகர் இல்லை என்று மூன்று கடிதம் வந்ததே" என்றாள் கிழவி மெதுவாக.

"குட்னரைத் தேடினார்கள். நீ எழுதிய பெயரைத்தான் அவர்கள் தேடினார்கள்."

மேனுஜா மட்டும் ஆச்சரியப்படவில்லை. குட்னர் வேறு பெயரில் பாடியிருக்க வேண்டும் என்பது அவளுக்குக் கிர்ஸ்டனின் அலுவலகத்திலேயே தெரிந்திருக்கும் என்று கிறிஸ்துநாயகத்துக்கு இப்போதுதான் உறைத்தது. தெரிந்தும், அஜந்தினி தானாக வாய் திறக்கும்வரை பேசாமல் இருந்திருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்வதா நாலு பேச்சுப் பேசுவதா என்று அவர் தடுமாறினார்.

றொபேட்டின் விரல் தொலைபேசியில் தேடியது. வெர்பாவின் பாட்டு ஒன்றைத் தொட்டார். கரகரப்பு, அதற்குள்ளிருந்து வயலின், பிறகு ஒரு ஆண்குரல், அவசரமில்லாமல். கிழவி தலையை நிமிர்த்தினாள். தன் தட்டில் கேட்டுப் பழகிய அதே மூச்சை இரண்டாவது வரிக்கு முன்னால் பாடகர் எடுத்ததும் அவள் முகம் உடைந்தது. "அப்பா" என்றாள்.

கிர்ஸ்டன் மடியிலிருந்த கோப்பை மூடினாள். "பொய்யைப் பற்றி நீயும் நானும் தனியாகக் கதைக்க வேண்டும்" என்றாள் அஜந்தினியிடம் தாழ்ந்த குரலில். "நாளைக்குக் காலையில். உன் வேலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது, பிந்தாதே." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஹலினா, உன் தட்டு களவுபோன முறைப்பாட்டை நான் என்னவென்று முடிப்பது?"

ஹலினா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். மற்றக் கையால் அஜந்தினியின் ஈரத் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"பேசாதே. இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. அப்பா இதை எனக்கு இப்போதுதான் பாடுகிறார்."